குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறதா? மைக்கை மாற்றும் முன் அறையைப் பாருங்கள்

கேள்வி: வீட்டிலேயே தமிழில் பாட்காஸ்ட் தொடங்கியிருக்கிறேன். கன்டென்சர் மைக் ஒன்று வாங்கி லேப்டாப்பில் செருகிப் பதிவு செய்கிறேன். குரல் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல் கேட்கிறது. பின்னால் 'உஸ்' என்று ஓர் இரைச்சலும் விடாமல் வருகிறது. இன்னும் நல்ல மைக் வாங்க வேண்டுமா, மென்பொருளிலேயே சரிசெய்துவிட முடியுமா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளுக்கும் காரணம் வேறு வேறு. கிணற்றுச் சத்தம் உங்கள் அறையிலிருந்து வருகிறது. 'உஸ்' மின்சுற்றிலிருந்து வருகிறது. முதலாவதை எந்த மைக்கும் முழுதாகத் தீர்க்காது, மென்பொருளும் தீர்க்காது. விசிறிச் சத்தம் போல ஒரே சீராக ஓடும் இரைச்சலை மென்பொருள் அடையாளம் கண்டு கழித்துவிடும். எதிரொலி அப்படியல்ல. அது உங்கள் குரலேதான், சில மில்லிநொடி தாமதமாக உங்கள் குரலின் மீதே வந்து படிகிறது. கழிக்கப் போனால் குரலும் சேர்ந்து போகும். அதனால் அதைப் பதிவாகும் இடத்திலேயே குறைத்தாக வேண்டும்.

நம் வீடுகளில் டைல்ஸ் தரை, பூசிய செங்கல் சுவர், கான்கிரீட் கூரை, கண்ணாடி ஜன்னல் என்று ஒலியைத் திருப்பி அடிக்கும் பரப்புகளே அதிகம். மரப்பலகைத் தரையும் கம்பளமும் உள்ள வெளிநாட்டு வீட்டில் எடுத்த வீடியோவைப் பார்த்து அதே மைக்கை வாங்கினால் அதே குரல் வராததற்கு இதுவே முதல் காரணம். 10க்கு 12 அடி வெற்று அறையில், வாயிலிருந்து ஒன்றரை இரண்டு அடி விலகினாலே சுவரில் பட்டு வரும் ஒலி நேராக வரும் குரலுக்குச் சமமாகிவிடும். மேஜையில் குட்டி ஸ்டாண்டில் மைக்கை வைத்து நாற்காலியில் சாய்ந்து பேசுகிறவர்கள் பெரும்பாலும் அந்தத் தூரத்தில்தான் இருக்கிறார்கள்.

ஆகவே காசில்லாமல் செய்யக்கூடிய மிகப் பெரிய மாற்றம், நெருங்கிப் பேசுவது. வாய்க்கும் மைக்குக்கும் இடையிலான தூரத்தைப் பாதியாக்கினால் நேராக வரும் குரல் 6 டெசிபெல் கூடும். எதிரொலியோ அறை முழுக்க ஏறக்குறைய ஒரே அளவில் நிரம்பியிருப்பதால் அது கூடாது. 60 செ.மீ. தள்ளியிருப்பவர் 15 செ.மீ.க்கு வந்தால் எதிரொலியைவிடக் குரல் 12 டெசிபெல் முன்னே வந்து நிற்கும். எந்த விலை மைக்கை வாங்கினாலும் அந்த 12 டெசிபெல் கிடைக்காது. கன்டென்சர் (மின்சாரம் தேவைப்படும், நுட்பமாகக் கேட்கும் வகை) என்றால் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக, 12 முதல் 18 செ.மீ. வையுங்கள். டைனமிக் மைக் (மேடையில் கையில் பிடித்துப் பாடும் வகை) என்றால் நான்கு விரல் அகலம், 7 அல்லது 8 செ.மீ. போதும். அதைவிட நெருங்கினால் அடிநாதம் அளவுக்கு மீறி ஏறி, குரல் தொண்டைக்குள் அடைத்தது போலாகும். ஒரு பக்கம் மட்டும் கேட்கும் கார்டியாய்டு வகை மைக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த இயல்பு உண்டு.

நெருங்கி வந்ததும் கெயினை, அதாவது மைக்கின் ஒலியைப் பெருக்கும் அளவை, குறைக்க வேண்டும். இதை மறந்துவிட்டு, 'கிட்டப் போனால் உடைகிறது' என்று மறுபடி விலகிவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

இன்னொன்றையும் சரிபாருங்கள். ப்ளூ யெட்டி, பிஎம்-800 போன்ற கன்டென்சர்களில் பேச வேண்டிய இடம் தலைப்பகுதியின் உச்சி அல்ல, பக்கவாட்டு முகம். ஐஸ்கிரீம் கோன் போல முனையை வாய்க்கு நேரே நீட்டிப் பேசினால், அது சரியாகக் கேட்காத கோணத்தில் பேசுகிறீர்கள் என்று பொருள். யெட்டியில் நான்கு திசை முறைகள் உண்டு. தனியாகப் பேசும்போது இதய வடிவக் குறியுள்ள கார்டியாய்டு முறையில் இருக்க வேண்டும். வட்டக் குறியில் இருந்தால் சுற்றியுள்ள நான்கு சுவர்களையும் அது சேர்த்துக் கேட்கும்.

இனி அறை. முதலில் இருக்கிற இடத்திலேயே நல்ல மூலையைக் கண்டுபிடியுங்கள். ஹால், படுக்கையறை, துணி அடுக்கிய அலமாரிக்கு முன்னால் என மூன்று இடங்களில் அதே பத்தியை அதே தூரத்தில் போனிலேயே பதிவு செய்து ஹெட்போனில் அடுத்தடுத்துக் கேளுங்கள். பெரும்பாலான வீடுகளில் கட்டிலும் மெத்தையும் உள்ள சின்னப் படுக்கையறை எளிதாக ஜெயிக்கும். ஹால் தோற்கும்.

படுக்கையறையில் எங்கே உட்காருவது என்பதில் பலரும் தலைகீழாக யோசிக்கிறார்கள். மைக்குக்குப் பின்னால் உள்ள சுவரில் ஃபோம் ஒட்டுகிறார்கள். கார்டியாய்டு மைக்கின் பின்பக்கம் ஏறக்குறைய செவிடு. அதன் காது உங்களை நோக்கியும், உங்கள் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரை நோக்கியும் திறந்திருக்கிறது. ஆகவே முதலில் மூட வேண்டியது உங்களுக்குப் பின்னால் உள்ள சுவர். கனமான இலவம்பஞ்சு மெத்தையைச் சுவரோடு சாய்த்து நிறுத்தி, அதற்கு முன்னால் முதுகு காட்டி உட்காருங்கள். மெத்தை இல்லையென்றால் கனமான ரஜாய் அல்லது கம்பளி இரண்டை மடித்து, சுவரிலிருந்து ஒரு கை அகலம் தள்ளிக் கொடியில் தொங்கவிடுங்கள். அந்த இடைவெளி முக்கியம். துணியும் பஞ்சும் ஒலியைக் குடிப்பது அவற்றுக்குள் காற்று அசையும் இடத்தில்தான். சுவரை ஒட்டிய இடத்தில் காற்று அசையாது. அடுத்தது பக்கச் சுவர்கள். மரக்கதவு வைத்த துணி அலமாரியைத் திறந்து வைத்தாலே ஒரு பக்கம் முடிந்தது. இரும்பு பீரோ வேண்டாம். அதன் தகடு சில சுரங்களில் தானே அதிரும்.

ஒரு அங்குல ஃபோம் தகடுகளைச் சுவர் முழுக்க ஒட்டுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. 1,000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதை மட்டும் அது நன்றாகக் குடிக்கும். ஆண் குரலின் உடல்பகுதி 100 முதல் 500 ஹெர்ட்ஸில் இருக்கிறது. அந்தப் பகுதியின் எதிரொலி அப்படியே நிற்க, மேலே உள்ள பளிச்சென்ற பகுதி மட்டும் போய்விடுவதால் குரல் மங்கி, டப்பாவுக்குள் இருப்பது போலாகும். கனம் வேண்டும், 10 செ.மீ.க்குக் குறையாமல். முட்டை அட்டைகள் எதற்கும் உதவாது. அவை மெல்லிய காகிதக் கூழ், அவ்வளவுதான். தரையில் ஜமக்காளம் விரிப்பது நல்லது. ஆனால் அது ஒற்றை அடுக்காக இருந்தால் மேல்சுர எதிரொலியை மட்டும் குறைக்கும்.

மேஜையை மறந்துவிடாதீர்கள். வாயிலிருந்து கிளம்பிய ஒலி மேஜைப்பலகையில் பட்டு எம்பி மைக்கை அடைகிறது. நேர்ப்பாதையைவிட அந்தப் பாதை 34 செ.மீ. நீளமாக இருந்தால் ஒலி ஒரு மில்லிநொடி தாமதமாக வரும். அப்போது 500, 1,500, 2,500 ஹெர்ட்ஸில் எல்லாம் குரல் பள்ளம் விழுந்து, குழாய் வழியே பேசுவது போலத் தோன்றும். தடிமனான டவலை நான்காக மடித்து மைக்குக்குக் கீழே விரித்தால் இது பெருமளவு அடங்கும். அதே டவல், மேஜையில் கை படும் 'டொக்' சத்தத்தையும் குறைக்கும்.

அறையின் நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடியாக இருந்தால் ஒரு தொல்லை உண்டு. பத்தடிக்குப் பொருந்தி நிற்கும் அலை 56 ஹெர்ட்ஸ், அதன் இரட்டிப்பு 112. ஆண் குரலின் அடிச்சுரம் இந்த 112ஐ ஒட்டியே இருப்பதால், சில சொற்கள் மட்டும் 'பூம்' என்று வீங்கும். அறையின் நட்டநடுவையும் மூலையையும் தவிர்த்து, சுவரிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி உட்கார்ந்து பாருங்கள். ஓரடி நகர்ந்தாலே வித்தியாசம் தெரியும்.

அடுத்து அந்த 'உஸ்'. விலை குறைந்த கன்டென்சர்கள் பலவற்றை, மூன்று ஊசியுள்ள வட்டமான எக்ஸ்எல்ஆர் முனையிலிருந்து 3.5 மி.மீ. முனைக்கு மாறும் கேபிளோடு தருகிறார்கள். லேப்டாப்பின் அந்தத் துளை சில வோல்ட் மட்டுமே கொடுக்கும். மைக் எதிர்பார்ப்பது கேபிள் வழியே வரும் 48 வோல்ட் மின்சாரம், அதாவது ஃபேண்டம் பவர். பட்டினியாகக் கிடக்கும் மைக் மெலிந்த ஒலி கொடுக்க, அதை லேப்டாப்பின் மலிவான சுற்று பல மடங்கு பெருக்க, அந்தப் பெருக்கத்தில் பிறப்பதுதான் 'உஸ்'. உங்கள் மைக் இந்த வகையென்றால், மாற்ற வேண்டியது மைக்கை அல்ல. 48 வோல்ட் தரும் ஒரு சின்ன யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி) வாங்கி, இரண்டு முனையும் எக்ஸ்எல்ஆராக உள்ள கேபிளில் இணையுங்கள்.

'உஸ்' இல்லாமல் 'ம்ம்ம்' என்று அடியில் ரீங்காரம் கேட்டால் அது 50 ஹெர்ட்ஸ் மின்சாரமும் அதன் மடங்குகளும். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். மின்விசிறியின் எலக்ட்ரானிக் ரெகுலேட்டரும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரும் இப்படிச் சத்தம் போடும். மைக் கேபிள் மின்சார வயரோடு ஒட்டி ஓடாமல், குறுக்கே கடக்கும்படி இருக்கட்டும்.

மின்விசிறி ஓடவே கூடாது. காற்று மைக்கில் படுவதும், இறக்கைகள் குரலைத் துண்டு துண்டாகத் திருப்பி அனுப்புவதும் பின்னால் சரிசெய்ய முடியாதவை. ஏசி இருந்தால் ஒரு மணி நேரம் முன்பே அறையைக் குளிர்வித்துவிட்டு, பதிவின்போது நிறுத்துங்கள். இல்லையென்றால் 20 நிமிடம் பதிவு, பிறகு விசிறி போட்டு இடைவேளை என்று பிரித்துக்கொள்ளுங்கள். வியர்த்து அவசரப்படும் குரல் கேட்பவருக்குத் தெரியும். நேரமும் முக்கியம். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்கு 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் தடை போடுகின்றன. தெருவும் குக்கர் விசிலும் அடங்கிய இரவு பத்தரைக்கு மேல்தான் பெரும்பாலான ஊர்களில் நம்பகமான அமைதி. விடியற்காலை அமைதியாகத் தோன்றும், ஆனால் ஐந்தரைக்கெல்லாம் காகங்கள் தொடங்கிவிடும்.

ஒலி அளவை இப்படி அமையுங்கள். நிகழ்ச்சியில் நீங்கள் சிரிக்கும், குரல் உயர்த்தும் இடத்தை உண்மையாகவே பேசிப் பாருங்கள். அப்போது, 0தான் மேல் எல்லையாக உள்ள மீட்டரின் உச்சம் −10 டெசிபெல்லைத் தாண்டாதபடி கெயினை வையுங்கள். சாதாரணப் பேச்சு −18ஐ ஒட்டி ஆடும். குறைவாகத் தோன்றினாலும் பயப்பட வேண்டாம். 24 பிட்டில் பதிவு செய்தால் பிறகு தாராளமாகக் கூட்டலாம். 0ஐத் தொட்டு உடைந்த குரலை மட்டும் மீட்க வழியில்லை. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மோனோ (ஒற்றைத் தடம்), வேவ் கோப்பு என்று வையுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 520 எம்பி ஆகும். ஒரே குரலை ஸ்டீரியோவில் பதிவு செய்வதால் கோப்பு இரட்டிக்குமே தவிர வேறு பயனில்லை.

விண்டோஸில் சவுண்ட் செட்டிங்ஸுக்குள் போய் உங்கள் மைக்கைத் தேர்ந்தெடுத்து, 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்' என்பதை அணைத்துவிடுங்கள். தானியங்கியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வசதி ஓடினால், நீங்கள் மூச்சு விட நிறுத்தும் ஒவ்வொரு இடைவெளியிலும் அறைச் சத்தம் அலைபோல மேலேறி வரும். புளூடூத் ஹெட்செட்டின் மைக்கில் பதிவு செய்யவே வேண்டாம். மைக் இயங்கும்போது அது தொலைபேசித் தரத்துக்கு இறங்கிவிடும். கேட்பதற்குக் காதை முழுக்க மூடும் வயர் ஹெட்போன் ஒன்று போதும். ஆனால் பதிவின்போது அதைக் கழற்றாதீர்கள். தலை திரும்புவதும் காகிதம் சரசரப்பதும் அப்போதுதான் காதில் விழும்.

பேசும் முறையில் மூன்று விஷயங்கள். முதலாவது, தலை அசையாமை. 10 செ.மீ.யிலிருந்து 20க்குப் போனால் 6 டெசிபெல் விழும், கூடவே அறையின் சத்தம் எட்டிப் பார்க்கும். குறிப்புகளை மேஜையில் வைத்துக் குனிந்து படிக்காமல், மைக்குக்கு மேலே கண்மட்டத்தில் டேப்லெட்டிலோ போனிலோ வையுங்கள். போன் விமான முறையில் இருக்கட்டும்.

இரண்டாவது, காற்று அடிப்பது. தமிழில் சொல் முதலில் வரும் ப, ஆங்கிலத்தைப் போல மூச்சை ஊதித் தள்ளுவதில்லை. அதனால் ஆங்கில வீடியோக்களில் பயமுறுத்தும் அளவுக்கு அடி விழாது. ஆனால் 'பவர்', 'பாட்காஸ்ட்' போன்ற சொற்களை ஆங்கில உச்சரிப்பில் சொல்லும்போது விழும். மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் உதட்டின் ஓரத்துக்கு, 30 முதல் 45 பாகை கோணத்தில் வைத்து, அதன் முகம் மட்டும் வாயை நோக்கும்படி திருப்புங்கள். மூச்சுக்காற்று நேராகப் போய்விடும், ஒலி மைக்கை அடையும். கன்டென்சர் என்றால் கூடவே மூச்சுக்காற்றைத் தடுக்கும் வலைத் திரையான பாப் ஃபில்டரை 5 செ.மீ. முன்னால் வையுங்கள். சோதிக்க, 'பெரியப்பா பால் பாக்கெட்டைப் பிரித்துப் பாத்திரத்தில் ஊற்றினார்' என்று வழக்கமான வேகத்தில் சொல்லிக் கேளுங்கள். இந்தக் கோணம் 'சனிக்கிழமை சாயங்காலம்' போன்ற சொற்களில் சீறும் ச ஒலியையும் தணிக்கும்.

மூன்றாவது, வாய் காய்ந்தால் வரும் 'க்ளிக்' ஓசைகள். பத்து நிமிடத்துக்கு ஒரு வாய் வெந்நீர். பதிவுக்குச் சற்று முன் பால், தயிர் வேண்டாம்.

பதிவை நிறுத்தும் முன் பத்து நொடி பேசாமல், மூச்சை மெல்ல விட்டு உட்காருங்கள். அந்தத் துண்டுதான் இரைச்சலை நீக்கும்போது மாதிரியாகப் பயன்படும். வெட்டிய இடங்களை ஒட்டவும் அதுதான் வேண்டும். அந்த அமைதியின் அளவு −60 டெசிபெல்லுக்குக் கீழே இருந்தால் உங்கள் அறை தேறிவிட்டது. −45ஐ ஒட்டி இருந்தால் மென்பொருளுக்குப் போகாமல் அறைக்குத் திரும்புங்கள்.

மென்பொருளுக்கு ஆடாசிட்டி இலவசம், அதுவே போதும். தேவையற்றதை வெட்டி முடித்ததும், ஆண் குரலுக்கு 80, பெண் குரலுக்கு 100 ஹெர்ட்ஸில், அதற்குக் கீழுள்ள ஒலியை வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டர். லாரி உறுமல், மேஜை அதிர்வு எல்லாம் அதோடு போகும். இரைச்சல் நீக்கம் தேவைப்பட்டால் மட்டும், 6 முதல் 10 டெசிபெல்லுக்குள். இதில் தமிழுக்கென்று ஒரு எச்சரிக்கை: ழ, ள, ல மூன்றையும் காது பிரித்தறிய உதவும் நுட்பங்களில் பெரும்பகுதி ஏறக்குறைய 1,500 முதல் 3,000 ஹெர்ட்ஸ் பகுதியில் இருக்கிறது. நீக்கத்தை 20, 25 என்று ஏற்றினால் அந்தப் பகுதி குழைந்து 'வாழை'யும் 'வாளை'யும் ஒன்றாகிவிடும். செயற்கை நுண்ணறிவால் குரலைச் 'செம்மை'யாக்கும் இணையக் கருவிகளிலும் இதையே சோதியுங்கள். 'அலை, அழை, அளை' என்று பேசி உள்ளே அனுப்பி, வெளியே வருவதைக் கேட்ட பிறகே முழு எபிசோடை ஒப்படைக்கலாம்.

குரல் மந்தமாக இருந்தால் 200 முதல் 400 ஹெர்ட்ஸுக்குள் 2 அல்லது 3 டெசிபெல் குறையுங்கள். உரத்த ஒலியை அமுக்கி ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் கம்ப்ரெஸர் 3:1 விகிதத்தில், உரக்கப் பேசும் இடங்களில் 4 முதல் 6 டெசிபெல் அமுங்கும்படி. கம்ப்ரெஸர் அமுக்கியதை ஈடுகட்ட மொத்தத்தையும் 6 டெசிபெல் ஏற்றும்போது, எதிரொலியும் இரைச்சலும் அதே 6 ஏறிவிடும். எடிட் செய்யும் முன் பரவாயில்லையாக இருந்த பதிவு, எடிட் செய்த பிறகு மோசமாகக் கேட்பதற்கு இதுதான் காரணம். அறைக்கு இவ்வளவு இடம் ஒதுக்கி எழுதியதும் இதற்காகவே. மூச்சுச் சத்தங்களை முழுக்க அழிக்காதீர்கள், 6 முதல் 10 டெசிபெல் தணித்தால் போதும். அழித்தால் பேச்சு இயந்திரத்தனமாகிவிடும்.

கடைசியில் 'லவுட்னெஸ் நார்மலைசேஷன்'. −16 எல்யூஎஃப்எஸ் (காது உணரும் சராசரி ஒலியளவின் அலகு) என்று இட்டு, மோனோவை இரட்டை மோனோவாகக் கணக்கிடும் கட்டத்தில் டிக் செய்யுங்கள். அதன் பிறகு, ஒலியை எல்லை தாண்டவிடாத லிமிட்டர், உச்சம் −1.5 டெசிபெல். ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் கேட்பது −16, ஒன்று கூடக்குறைய, உச்சம் −1க்குக் கீழே. ஸ்பாட்டிஃபையின் அளவு −14 என்றாலும் −16 கோப்பு அங்கே நன்றாகவே ஓடும். மோனோ எம்பி3 என்றால் 96 கேபிபிஎஸ் தாராளம்.

வெளியூர் விருந்தினரோடு பேசும்போது ஜூம் பதிவை நம்பாதீர்கள். இருவரும் ஜூமில் ஹெட்போன் போட்டுப் பேசிக்கொண்டே, அவரவர் பக்கக் குரலை அவரவர் தனியாகப் பதிவு செய்வதே சிறந்த முறை. விருந்தினருக்கு இரண்டாவது போன் போதும். ஒரு சாண் தள்ளி, துணியலமாரி அருகே. தொடக்கத்தில் 'ஒன்று, இரண்டு, மூன்று' சொல்லிக் கைதட்டச் சொல்லுங்கள், இரு பதிவுகளையும் அந்த இடத்தில் பொருத்தலாம். இரு கருவிகளின் கடிகாரமும் துல்லியமாக ஒத்துப்போகாததால் நேரம் போகப் போகச் சற்று விலகும். கால் மணிக்கு ஒருமுறை வெட்டி மறுபடி நேர்செய்யுங்கள். கோப்பை வாட்ஸ்அப் குரல் செய்தியாக அல்ல, டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

இத்தனையும் செய்த பிறகு, தெருச்சத்தம் ஓயாத வீடு என்பதால் மைக்கை மாற்றத்தான் வேண்டும் என்றால், கார்டியாய்டு டைனமிக் மைக்கைத் தேர்ந்தெடுங்கள். டைனமிக் மைக் அறைச் சத்தத்தைக் கேட்காது என்பது சரியல்ல. ஒரே தூரத்தில், ஒரே திசை வடிவத்தில் வைத்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு அறையைத்தான் கேட்கும். டைனமிக்கின் அனுகூலம், அதை வாயருகே வைத்து வசதியாகப் பேசமுடியும் என்பது. சாம்சன் க்யூ2யூ, ஆடியோ-டெக்னிக்கா ஏடிஆர்2100எக்ஸ் இரண்டிலும் யூஎஸ்பி, எக்ஸ்எல்ஆர் இரண்டு வழியும் இருப்பதால் இன்றைக்கு லேப்டாப்பிலும் நாளைக்கு இன்டர்ஃபேஸிலும் செருகலாம். பிரபல நிகழ்ச்சிகளில் பார்க்கிற ஷூர் எஸ்எம்7பி இப்போது வேண்டாம். அதற்கு ஏறக்குறைய 60 டெசிபெல் சுத்தமான கெயின் வேண்டும். மலிவான இன்டர்ஃபேஸில் இணைத்தால் மறுபடியும் 'உஸ்' கேட்கும். மைக்கோடு மேஜையில் கவ்விப் பிடிக்கும் பூம் ஆர்ம் (மைக்கைத் தாங்கும் மடக்குக் கை) ஒன்றும் வாங்கிவிடுங்கள். அது இல்லாவிட்டால் மைக் மேஜையிலேயே உட்கார்ந்து, வாயிலிருந்து மறுபடி இரண்டு அடி தள்ளிப் போய்விடும்.